ருசி பார்க்கும் ஊசி

ஜொகூரின் பெர்மாஸ் ஜெயாவில் பெரும்பாலான தெருக்களுக்கு எண்தான் பெயர். ஜாலான் பெர்மாஸ் என்று சொல்லி ஓர் எண்ணைச் சேர்த்துக்கொண்டால் விலாசம் ஆயிற்று. ஒன்றைப்போல ஒன்றாக வரிசை வீடுகள். வீட்டுக்குப் பின்னால் சாக்கடையை ஒட்டி ஒரு முழம் மண் கிடைத்தால் போதும், நம்மவர்கள் அதில் ஒரு கறிவேப்பிலை, நாலு மிளகாய்ச் செடி, ஒரு வாழை, கம்பி கட்டிப் பயத்தங்காய் என்று ஊன்றிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். போன மாதம் ஒரு காலை பயத்தங்கொடியின் நுனி கறுத்துக் கிடந்தது. கரி பூசிய மாதிரி, விரல் நீளத்துக்கு. பிஞ்சுக் காய்கள் இரண்டும் சுருண்டிருந்தன.

பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்தார். “பேன் புடிச்சிருச்சு தம்பி. சவுக்காரத் தண்ணி கலக்கி அடிங்க, போயிரும்” என்றார்.

அடிப்பதற்கு முன் பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸை எடுத்து வந்தேன். அன்று சவுக்காரத் தண்ணீர் அடிக்கவே இல்லை.

தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இதன் பெயர் அசுவினி. செடிப்பேன் என்றும் சொல்வார்கள். இலங்கைத் தமிழர்களுக்கு இது அழுக்கணவன். மலாய்க்காரர்கள் குத்து டாவுன் என்கிறார்கள், இலைப்பேன் என்று பொருள். என் கொடியில் இருந்தது பயறுவகைச் செடிகளை விரும்பும் கறுப்பு அசுவினி. ஏஃபிஸ் கிராக்சிவோரா என்று 1854 இல் பெயர் பெற்றது. தஞ்சாவூர் வயலின் உளுந்திலும், ஆப்பிரிக்காவின் காராமணியிலும், எங்கள் பின்சந்துப் பயத்தங்கொடியிலும் இருப்பது இந்த ஒரே இனம்தான்.

லென்ஸுக்குள் வந்ததும் கரி உயிராகிவிட்டது. வளர்ந்தவை இரண்டு மில்லிமீட்டருக்குள்தான் இருக்கும். பேரிக்காய் வடிவம். அரக்கு பூசியது போன்ற பளபளப்பான கறுப்பு. கால்கள் வெளுத்தவை, மூட்டுகளில் மட்டும் கறுப்பு. குஞ்சுகளின் மேல் சாம்பல் தூவியதுபோல் மெழுகுப் படலம். எல்லாமே தலையைத் தண்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பின்புறத்தைச் சற்றே தூக்கி நின்றன. அந்தப் பின்புறத்தில்தான் அசுவினியின் குடும்ப அடையாளம் இருக்கிறது. முதுகின் கடைசியில் இருபக்கமும் புகைபோக்கிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு குட்டிக் குழல்கள், நடுவில் ஒரு சின்ன வால். வேறெந்தப் பூச்சிக்கும் இப்படி ஒரு சோடிக் குழல் கிடையாது.

எறும்புகள் நக்கிக் குடிக்கும் இனிப்பு இந்தக் குழல்களில்தான் சுரக்கிறது என்று நெடுங்காலம் நம்பினார்கள். அசுவினியை எறும்பின் பசு என்று அழைத்த இயற்கை அறிஞர் லின்னேயஸ் காலத்திலும் அதுதான் நம்பிக்கை. அப்படியில்லை. இனிப்பு வருவது ஆசனவாயிலிருந்து. குழல்கள் ஆபத்துக்கானவை. பொறிவண்டு கடித்தால் குழல் நுனியில் பிசின்போல ஒரு துளி வரும். அது எதிரியின் வாயில் ஒட்டிக்கொள்ளும். அதோடு ஒரு வாசனையும் பரவும். ஃபார்னசீன் என்ற அந்த வாசனைப்பொருளை 1972 இல் அடையாளம் கண்டார்கள். அந்த வாசனை பட்டதும் சுற்றியிருப்பவை ஊசியை உருவிக்கொண்டு நகரும், அல்லது கீழே குதிக்கும். மென்மையான உடம்பு, கடிக்கும் பல் இல்லை, ஓட வேகம் இல்லை. அக்கம்பக்கத்துக்குச் சொல்லிவிட்டுச் சாவது ஒன்றுதான் அதனால் முடிந்தது.

நான் பார்க்க ஆசைப்பட்டது ஊசியை. வெளியே தெரிவது ஊசி அல்ல, அதன் உறைதான். மார்புக்கடியில் மடங்கிக் கிடக்கும், கணுக்கணுவான ஒரு குழாய். அதன் நுனியைத் தண்டில் அழுத்தி வைத்துக்கொள்ளும். உள்ளே நான்கு இழைகள் இருக்கின்றன. வெளிப்பக்கம் இரண்டு, உட்பக்கம் இரண்டு. உள் இழைகள் இரண்டும், இரு கை விரல்களைக் கோத்ததுபோல் நீளவாக்கில் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. பூட்டியதும் அவற்றுக்கு நடுவே இரண்டு வாய்க்கால்கள் உண்டாகின்றன. ஒன்று எச்சில் கீழே இறங்க, இன்னொன்று சாறு மேலே ஏற. நாலு இழையும் சேர்ந்த கட்டு நம் தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட வராது. சாறு ஏறும் வாய்க்காலின் அகலம் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பாக்டீரியா ஒன்று நுழைந்தால் அடைத்துக்கொள்ளும் அளவுதான். அதன் வழியாகத்தான் ஓர் உயிர் தன் வாழ்நாள் சாப்பாடு முழுவதையும் பெறுகிறது.

கொசு குத்துவதுபோல் குத்திக் குடிக்கிறது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது அவ்வளவு எளிய காரியமில்லை. தண்டின் தோலுக்கும் இனிப்பு ஓடும் குழாய்க்கும் நடுவே பல அடுக்குச் செல்கள் இருக்கின்றன. ஊசி அவற்றை உடைத்துக்கொண்டு போவதில்லை. செல்லுக்கும் செல்லுக்கும் இடையே உள்ள சந்து வழியாக, எங்கள் வீட்டு வரிசைகளுக்கு நடுவே ஓடும் பின்சந்து மாதிரி, வளைந்து வளைந்து போகிறது. போகப் போக ஒருவகை எச்சிலைக் கக்குகிறது. அது உடனே கூழாக உறைந்து ஊசியைச் சுற்றி உறையாகிவிடும். தன் சுரங்கத்துக்குத் தானே சுவர் கட்டிக்கொண்டு முன்னேறுவது போலத்தான்.

இருட்டில் போகும் ஊசிக்கு வழி எப்படித் தெரியும்? ருசி பார்த்துத்தான். வழியில் இருபுறமும் உள்ள செல்களை ஒவ்வொன்றாக மெல்லக் குத்துகிறது. ஐந்து பத்து விநாடிதான். ஒரு துளி எச்சிலை உள்ளே விடுகிறது, கொஞ்சம் சாற்றை மேலே இழுக்கிறது. சுவை அறியும் உறுப்பு ஊசியின் நுனியில் இல்லை, தொண்டையில்தான் இருக்கிறது. அதனால் சாறு அவ்வளவு தூரமும் ஏறி வந்தாக வேண்டும். சரியில்லை என்றால் ஊசியைப் பின்னுக்கு இழுத்து வேறு சந்தில் திருப்புகிறது. செடியே பிடிக்கவில்லை என்றால் உருவிக்கொண்டு போய்விடுகிறது. இந்த ஐந்து பத்து விநாடியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு ஒரு கதை இருக்கிறது.

பிடித்த செடியாக இருந்தால் ஊசி புளோயத்தின் சல்லடைக் குழாயை எட்டுகிறது. சில சமயம் இதற்கே மணிக்கணக்காகிவிடும். அந்தக் குழாய் செடியின் உயிர்நாடி. இலை சமைத்த சர்க்கரை வேருக்கும் காய்க்கும் போகும் பாதை. யாராவது துளை போட்டால் செடி சும்மா இருக்காது. துளை விழுந்ததும் கால்சியம் உள்ளே பாயும். அந்தச் சைகை கிடைத்ததும் குழாயிலுள்ள புரதங்கள் புடைத்துத் திரண்டு வழியை அடைத்துவிடும். அசுவினிக்கு இதற்கும் ஒரு வழி தெரிந்திருக்கிறது. இங்கே அது கக்கும் எச்சில் கூழாக உறைவதில்லை. தண்ணீராக இருக்கும் அந்த எச்சிலிலுள்ள புரதங்கள் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சைகை போய்ச் சேருவதில்லை. தன் உடம்பில் ஓட்டை விழுந்ததே செடிக்குத் தெரியாமல் போகிறது. ஜெர்மன் ஆய்வாளர்கள் இதை 2007 இல் காட்டினார்கள்.

அதன் பிறகு உறிஞ்சவே வேண்டியதில்லை. சல்லடைக் குழாயில் உள்ள அழுத்தம் கார் டயரில் உள்ளதைப்போல் நான்கைந்து மடங்கு. சாறு தானாகவே பீறிட்டு ஏறுகிறது. அசுவினி செய்யவேண்டியது தொண்டையைத் திறந்து மூடுவது மட்டும். இதற்குச் சாட்சி ஒரு பழைய சோதனை. 1953 இல் இங்கிலாந்தில் கென்னடி, மிட்லர் என்ற இரு ஆய்வாளர்கள், வில்லோ மரத்தில் குடித்துக்கொண்டிருந்த பெரிய அசுவினியை மயக்கி, அதன் ஊசியை வெட்டிவிட்டார்கள். பூச்சி போய்விட்டது. மரத்தில் நின்றுபோன ஊசியின் முனையிலிருந்து சாறு துளித்துளியாக மணிக்கணக்கில் வந்துகொண்டே இருந்தது. செடிக்குள் ஓடும் சர்க்கரைச் சாற்றைக் கலப்படமில்லாமல் எடுக்க மனிதன் செய்த எந்தக் கருவியாலும் அதுவரை முடிந்ததில்லை. தாவரவியலாளர்கள் இன்றைக்கும் அதே ஊசியைக் கடன் வாங்கிக்கொள்கிறார்கள்.

இவ்வளவும் இலைக்குள் நடப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்பீர்கள். மயிரைவிட மெல்லிய தங்கக் கம்பி ஒன்றை அசுவினியின் முதுகில் ஒட்டினார்கள். இன்னொரு கம்பியைத் தொட்டி மண்ணில் சொருகினார்கள். ஊசி செடிக்குள் இறங்கியதும் மின்சுற்று பூர்த்தியாகிறது. சந்தில் போகும்போது ஒருவகை அலை, செல்லைக் குத்தும்போது சட்டென்று ஒரு சரிவு, குழாயில் குடிக்கும்போது வேறோர் அலை. 1964 இல் கலிஃபோர்னியாவில் தொடங்கி, பின்னர் நெதர்லாந்தில் செம்மையான இந்த முறையால் ஒரு பூச்சியின் சாப்பாட்டை விநாடி விநாடியாகக் காகிதத்தில் படிக்கலாம். முதுகில் தங்கக் கயிறு கட்டிய அசுவினியின் படத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கோயில் காளைதான் ஞாபகத்துக்கு வந்தது.

குடிப்பது சர்க்கரைப் பாகு. உடம்பு வளர்க்கப் புரதம் வேண்டும், புரதத்துக்கு அமினோ அமிலங்கள் வேண்டும். புளோயச் சாற்றில் அவை சொற்பம், அதிலும் அத்தியாவசியமானவை மிகமிகச் சொற்பம். அசுவினியின் வயிற்றில் இதற்கென்றே தனிச் செல்கள் இருக்கின்றன. அந்தச் செல்களுக்குள் புக்னெரா என்ற பாக்டீரியா குடியிருந்து, கிடைக்காத அமினோ அமிலங்களைச் சமைத்துக் கொடுக்கிறது. இது இன்றைக்கு நேற்று வந்த உறவு அல்ல. பதினைந்து கோடி ஆண்டுகளுக்கும் மேலாகத் தாயிடமிருந்து மகளுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. அவ்வளவு காலம் உள்ளேயே இருந்ததில் புக்னெரா வெளியே தனித்து வாழும் திறனை இழந்துவிட்டது. அதன் மரபணுத் தொகுதி சுருங்கிச் சுருங்கி, நம் குடலில் வாழும் ஈ.கோலையின் தொகுதியில் ஏழில் ஒரு பங்காகிவிட்டது. புக்னெரா இல்லாமல் அசுவினி வளராது, அசுவினி இல்லாமல் புக்னெரா இல்லை.

தேவையான சத்துக்காக அளவுக்கு மிஞ்சிக் குடிப்பதால் மிச்சச் சர்க்கரை தேன்துளியாக வெளியேறுகிறது. எங்கள் கொடியிலும் கீழ் இலைகள் பிசுபிசுத்திருந்தன. அந்தப் பிசுபிசுப்பில் கரும்பூசணம் படரத் தொடங்கியிருந்தது. சின்ன எறும்புகள் தண்டில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. ஓர் எறும்பு தன் உணர்கொம்பால் ஓர் அசுவினியின் முதுகை இரண்டு தட்டுத் தட்டியது. வாலுக்குக் கீழே கண்ணாடிமணி மாதிரி ஒரு துளி எழுந்தது. எறும்பு அதை உதிர விடாமல் வாயில் வாங்கிக்கொண்டது. எறும்பு இல்லாத கொத்தில் அதே துளியை அசுவினி பின்னங்காலால் எட்டி உதைத்து விடுகிறது. தன் இனிப்பிலேயே தான் ஒட்டிக்கொண்டு சாகாமல் இருக்க வேண்டுமே.

இனி அந்த ஐந்து பத்து விநாடிக் கதை.

ஜொகூரில் 1991 இல் பப்பாளி மரங்களுக்கு ஒரு நோய் வந்தது. குருத்திலைகள் மஞ்சள் பாரித்துத் திட்டுத்திட்டாகி, நார்போல் குறுகின. காயின் தோலில் வளையம் வளையமாகப் புள்ளிகள். மலேசியாவில் பப்பாளி வளையப்புள்ளி வைரஸ் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது இந்த மாநிலத்தில்தான். மலேசிய வேளாண் ஆராய்ச்சி மேம்பாட்டுக் கழகமான மார்டி, எக்ஸோதிக்கா என்ற புகழ்பெற்ற பப்பாளியை 1987 இல் வெளியிட்டு நாலே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்த இனிப்பான பழத்துக்கு இந்த வைரஸைத் தாங்கும் சக்தி கிடையாது. மருந்து எதுவும் இல்லை. நோய் கண்ட மரங்களை வெட்டி அழிப்பதுதான் வழியாக இருந்தது.

வைரஸைச் சுமந்து வந்தவை அசுவினிகள். ஆனால் பப்பாளியில் அசுவினிக் கூட்டத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அது அவற்றுக்குப் பிடித்த மரமே இல்லை. எங்கிருந்தோ காற்றில் வந்த சிறகுள்ள அசுவினி ஒன்று பப்பாளி இலையில் உட்காருகிறது. இது நம் செடியா என்று ஓரிரு செல்லைக் குத்தி ருசி பார்க்கிறது. இல்லை என்று தெரிந்ததும் பறந்துவிடுகிறது. அடுத்த மரத்திலும் அதே கதை. ருசி பார்க்க ஏறிய சாற்றோடு வைரஸும் ஏறி ஊசி நுனியில் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த மரத்தில் எச்சிலோடு உள்ளே இறங்கிவிடுகிறது. சில விநாடி போதும். குடிக்கவே குடிக்காத ஒரு பூச்சி, தனக்கு வேண்டாத ஒரு மரத்தைக் கொன்றுவிட்டுப் போகிறது. தொற்றைப் பரப்புபவற்றின் பட்டியலில் என் பயத்தங்கொடியின் கறுப்பு அசுவினியும் உண்டு.

பூச்சிமருந்து அடித்து இதைத் தடுக்க முடியாததற்குக் காரணமும் இதுதான். மருந்து வேலை செய்து பூச்சி சாவதற்குள் ருசி பார்த்து முடிந்துவிடும். மருந்து பட்டுத் தடுமாறும் அசுவினி இன்னும் நாலு இடத்தில் குத்திப் பார்க்கவும் கூடும். மிளகாயின் நரம்பை ஒட்டி இலையைத் திட்டுத்திட்டாக்கும் வைரஸ் ஒன்று 1979 இல் இந்தத் தீபகற்பத்தில் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. அதுவும் இதே விநாடிக் கணக்கில்தான் பரவுகிறது. இங்குள்ள மிளகாய்த் தோட்டங்களில் பாத்தி மேல் வெள்ளி நிறப் பிளாஸ்டிக் விரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். களை வராமல் இருக்க மட்டும் அது விரிக்கப்படுவதில்லை. பறந்து வரும் அசுவினி வானம் மேலே இருக்கிறது, செடி கீழே இருக்கிறது என்ற கணக்கில்தான் இறங்கும். கீழேயும் வானம் மாதிரி வெளிச்சம் அடித்தால் குழம்பி விலகிவிடும். ஊசியை நிறுத்துவதற்கு ஊசிக்காரியை இறங்க விடாமல் செய்வதுதான் வழி.

ருசி பார்ப்பது ஒரு நோயைப் பரப்புகிறது என்றால் குடிப்பது இன்னொன்றைப் பரப்புகிறது. அதைப் பார்க்க ஜொகூரிலிருந்து பழனி மலைக்குப் போக வேண்டும். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் பேர்போன விருப்பாச்சி வாழை, கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் காப்பிச் செடிகளோடு வளர்வது. 1970களில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கிப்போனது. முடிக்கொத்து நோய்தான் காரணம். 1940 இல் இலங்கையிலிருந்து கோட்டயம் பக்கம் வந்து சேர்ந்ததாகச் சொல்லப்படும் நோய் இது. இலைகள் குறுகி, நிமிர்ந்து, உச்சியில் கொத்தாக நின்றுவிடும். தாறு போடாது. இலை நரம்பில் கரும்பச்சைப் புள்ளியும் கோடுமாகத் தந்திச் சங்கேதம் எழுதியதுபோல் இருக்கும்.

இதைப் பரப்புவது வாழை அசுவினி. அது வாழையை விட்டு லேசில் போகாது. மட்டையின் அடியில், மண்ணை ஒட்டி, எறும்புகளின் காவலில் குடித்துக்கொண்டே கிடக்கும். முடிக்கொத்து நோயின் வைரஸ் ஊசி நுனியில் ஒட்டுவதில்லை, புளோயத்தில் மட்டுமே வாழ்கிறது. அதனால் ருசி பார்த்தால் தொற்றாது, மணிக்கணக்கில் குடித்தால்தான் தொற்றும். குடித்த வைரஸ் குடலைக் கடந்து, உடம்புக்குள் சுற்றி, எச்சில் சுரப்பிக்கு வந்து சேரும். பிறகு அந்த அசுவினி சாகும்வரை அது போகாது. ஒரே ஊசிதான். சந்தில் நிற்கும்போது அது பப்பாளிக்கு எமன், குழாயை எட்டியபின் வாழைக்கு எமன். வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை ஆராய்ச்சி நிலையங்கள் உண்டாக்கித் தந்த பிறகுதான் மலைவாழை மெல்ல மீண்டு வருகிறது. அந்த உழைப்பைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

எங்கள் கொடிக்குத் திரும்புகிறேன். அந்தக் கொத்தில் இருநூறு முந்நூறு அசுவினிகள் இருந்திருக்கும். அத்தனையும் பெண்கள். முட்டை ஒன்றுகூடக் கிடையாது.

ஆணில்லாமல் அசுவினி குட்டி போடும் என்பதைச் சந்தேகமில்லாமல் காட்டியவர் ஜெனீவாவைச் சேர்ந்த சார்ல் பொன்னே. 1740 மே மாதம், அப்போது அவருக்கு இருபது வயது. பிறந்த கணமே ஒரு குஞ்சைப் பிரித்து, ஒரு கிளையோடு சேர்த்துக் கண்ணாடிக் குடுவைக்குள் அடைத்தார். விடியற்காலை தொடங்கி இரவு வரை, நாள்தோறும், மணிக்கு மணி லென்ஸ் வைத்துப் பார்த்துக் குறிப்பு எழுதினார். துணையே அறியாத அந்த அசுவினி மூன்று வாரத்தில் 95 குஞ்சுகளைப் பெற்றது. பிறக்கும் குஞ்சின் வயிற்றில் அடுத்த தலைமுறைக் கருக்கள் ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கும் என்பதும் பிறகு தெரிந்தது. தாய்க்குள் மகள், மகளுக்குள் பேத்தி. நம் வெப்பத்தில் ஒரு குஞ்சு நாலுமுறை தோலுரித்து ஒரு வாரத்துக்குள் தாயாகிவிடும். இலையில் வெள்ளை வெள்ளையாக ஒட்டியிருப்பவை அந்த உரித்த தோல்கள்.

குளிர்நாடுகளில் இந்தப் பெண் வரிசை வருடத்தில் ஒருமுறை நின்றுபோகும். இலையுதிர்காலம் நெருங்கிப் பகல் குறுகும்போது தாய்கள் ஆண்களையும், முட்டையிடும் தனிவகைப் பெண்களையும் பெறும். ஆணும் தாயின் அச்சுத்தான், ஓர் எக்ஸ் குரோமோசோம் மட்டும் குறைவு. அவை கூடி மரப்பட்டையில் இடும் முட்டைதான் பனியைத் தாங்கும். பகலின் நீளத்தைத்தான் அசுவினி அளக்கிறது என்று 1923 இல் அமெரிக்காவில் மார்கோவிச் என்பவர் கண்டுபிடித்தார். விலங்குகளில் பகல்நீளத்தின் ஆட்சிக்குக் கிடைத்த முதல் சான்றுகளில் அதுவும் ஒன்று.

பெர்மாஸ் ஜெயா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஒன்றரைப் பாகையில் இருக்கிறது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் பத்து நிமிடம். அசுவினியின் கடிகாரம் காத்திருக்கும் அந்தச் சைகை இங்கே வருவதே இல்லை. நவம்பரில் வடகிழக்குப் பருவமழை வரும், பெய்து கொத்துக்கொத்தாகத் தட்டிவிடும், அவ்வளவுதான். தப்பியவை மறுபடி பெற்றுக்கொள்ளும். தாயிடமிருந்து மகள், மகளிடமிருந்து மகள் என்று நிற்காமல் போகும் சங்கிலி. கூட்டம் நெருங்கி ஒன்றையொன்று இடித்துக்கொள்ளத் தொடங்கினால் மட்டும் அடுத்த தலைமுறையில் சில, சிறகோடு வளரும். அவை மஞ்சள் கலந்த இளம்பச்சையைத் தேடிக் காற்றில் ஏறும். தாமாகப் பறக்கும் வேகம் நம் நடைக்கும் குறைவு, காற்றுதான் சுமக்கும். இங்கிருந்து ஜொகூர் நீரிணை கண்ணுக்கெட்டும் தூரம், அக்கரையில் சிங்கப்பூரின் மாடி வீட்டுத் தொட்டிகள்.

இப்படி நிற்காமல் பெருகும் பூச்சி வெப்பமண்டலத்தை நிறைத்திருக்க வேண்டாமா? நேர்மாறு. உலகில் சுமார் 5,000 வகை அசுவினிகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை குளிர்நாடுகளைச் சேர்ந்தவை. உயிர்வகை பொங்கி வழியும் நம் மழைக்காட்டில் அசுவினி வகைகள் சொற்பம். இதற்கு 1987 இல் ஆண்டனி டிக்சனும் செக் நாட்டு ஆய்வாளர்களும் சொன்ன விளக்கம் என்னை மிகவும் கவர்ந்தது. பெரும்பாலான அசுவினிகள் ஒன்றிரண்டு செடிகளை மட்டுமே நம்பி வாழ்பவை. காற்றில் போகும் அசுவினியால் தன் செடியைத் தேடிப் பிடிக்க முடியாது, விழுந்த இடத்தில் இருந்தால்தான் உண்டு. சாப்பாடில்லாமல் அதிக நேரம் தாங்கவும் தாங்காது. ஒரே வகை மரம் காடாக நிற்கும் வடக்கில் அந்தச் சூதாட்டம் பலிக்கும். மழைக்காட்டிலோ ஒரு மரத்துக்கும் அதன் இனத்தைச் சேர்ந்த அடுத்த மரத்துக்கும் நடுவே வேறு நூறு வகை மரங்கள் நிற்கும். விழும் இடமெல்லாம் தவறான இடம்.

காட்டிலேயே நிலைத்த சில உண்டு. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் இஞ்சிக் குடும்பச் செடிகளில் வாழும், சூடோரெக்மா என்ற பேரினத்தைச் சேர்ந்த ஓர் அசுவினியில், பிறக்கும் குஞ்சுகளில் ஒரு பகுதி வளராமல் போர்வீரர்களாகவே நின்றுவிடுகின்றன. முன்கால்களும் தலைக்கொம்பும் தடித்த அவை, கூட்டத்தைத் தின்ன வரும் புழுவைப் பிடித்துக் குத்தும். அசுவினிகளில் இப்படியொரு போர்வீரர் சாதி இருப்பதை 1970களில் ஜப்பானியர் ஷிகேயுகி அஓகி முதலில் கண்டார்.

ஆனால் நம் வீட்டுக்கு வருபவை அவை அல்ல. நம்மோடு ஊர் ஊராகப் பயணம் செய்தவைதான் வருகின்றன. டிக்சனின் விளக்கத்தைப் படித்த நாளிலிருந்து எங்கள் தெருவை நான் வேறு கண்ணால் பார்க்கிறேன். வீட்டுக்கு வீடு மிளகாய், வீட்டுக்கு வீடு கறிவேப்பிலை, வேலிக்கு வேலி செம்பருத்தி. எந்தக் காற்று எங்கே இறக்கிவிட்டாலும் பத்தடிக்குள் சரியான செடி. மழைக்காடு மறுத்த வசதியை நாங்கள் வரிசை போட்டுக் கொடுத்திருக்கிறோம்.

நாலாம் நாள் கொத்து பாதியாகியிருந்தது. ஆரஞ்சு நிறத்தில் கறுப்பு நெளிகோடு போட்ட பொறிவண்டுகள் இரண்டு வந்திருந்தன. அவற்றின் முதலைபோன்ற குஞ்சு ஒன்று அசுவினிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டிருந்தது. சில அசுவினிகள் உப்பி, பழுப்பாகி, அசையாமல் ஒட்டியிருந்தன. அவற்றின் முதுகில் கத்தரித்தெடுத்ததுபோல் வட்ட ஓட்டை. உள்ளே இடப்பட்ட முட்டையிலிருந்து வளர்ந்த குளவி அந்த வழியாக வெளியே போயிருக்கிறது. சவுக்காரத் தண்ணீர் அடித்திருந்தால் பொறிவண்டுக் குஞ்சும், வெளிவரக் காத்திருக்கும் குளவியும் சேர்ந்தே போயிருக்கும்.

“இன்னும் அடிக்கலையா தம்பி?” அக்கா வேலிக்கு வந்துவிட்டார். லென்ஸை நீட்டினேன். முதலில் மறுத்தார், பிறகு கண்ணோடு வைத்துக் குனிந்தார். நான் நுனித்தண்டில் ஒன்றைக் காட்டினேன். ஒரு கறுப்புத் தாய் பின்புறத்தைத் தூக்கி நிறுத்தியிருந்தது. வாலுக்குக் கீழே வெளிறிய உருவம் ஒன்று, பின்பக்கம் முதலில் வெளிவந்து, தலைமட்டும் இன்னும் தாயோடு ஒட்டித் தொங்கியது. கால்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்து காற்றில் உதைத்தன. அந்த நேரம் முழுவதும் தாய் ஊசியை எடுக்கவில்லை, குடித்துக்கொண்டே இருந்தது. குஞ்சு தண்டைத் தொட்டது, பிடித்தது, தலையை விடுவித்துக்கொண்டது. இரண்டு எட்டு நடந்து தலையைத் தாழ்த்தி நின்றது.

அக்கா லென்ஸைத் திருப்பித் தரவில்லை.

“புள்ள பெத்துருச்சுலா” என்றார், தாழ்ந்த குரலில். “இந்தா, இன்னொண்ணும் பெறுது.”